உழைப்போருக்கு உடல்நலக் காப்பீடு: கட்டாயச் சந்தாவின் பொருள்

ஊதியத்தை மட்டுமே நம்பி வாழும் குடும்பத்திற்கு நோய் இரண்டு வகையில் இழப்பைத் தருகிறது. மருத்துவருக்கும் மருந்துக்கும் செலவு ஏற்படுவது ஒன்று. படுக்கையில் கிடக்கும் நாட்களுக்கு ஊதியம் இல்லாமற் போவது மற்றொன்று. செலவு கூடும் அதே வேளையில் வரவு நின்றுவிடுகிறது. இந்த இருமுனைத் தாக்குதலைத் தனியொரு தொழிலாளியின் சேமிப்பு தாங்குவது அரிது. கையிருப்பு கரைந்ததும் கடன், கடனுக்குப்பின் நகை அடகு, அதற்கும்பின் பிள்ளைகளின் படிப்பு நிறுத்தம் என்று சரிவு தொடர்கிறது. நோயினால் வறுமையும் வறுமையினால் நோயும் ஒன்றையொன்று வளர்க்கும் இந்தச் சுழலை அறுப்பதற்கு உலக நாடுகள் கண்ட வழிகளுள் ஒன்று கட்டாய உடல்நலக் காப்பீடு ஆகும்.

நம் நாட்டில் இம்முறையைப் பேரளவில் நடைமுறைப்படுத்தி வருவது தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டம். மக்கள் வழக்கில் இது இ.எஸ்.ஐ. என்ற மூன்றெழுத்தாலேயே அறியப்படுகிறது. இத்திட்டத்தின் கீழ் மூன்று கோடிக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் காப்பீடு பெற்றுள்ளனர். அவர்களுடைய குடும்பத்தினரையும் சேர்த்தால் பயனடைவோர் தொகை பன்னிரண்டு கோடியைத் தாண்டும் என்று மதிப்பிடப்படுகிறது. ஆயினும் ஊதியச் சீட்டில் மாதந்தோறும் பிடிக்கப்படும் சிறு தொகை எங்கே செல்கிறது, எதற்காகப் பிடிக்கப்படுகிறது, அதற்கு ஈடாகக் கிடைக்கும் உரிமைகள் எவை என்பனவற்றை அறியாத தொழிலாளர்கள் இன்றும் பலர். உரிமையை அறியாதவனுக்குச் சட்டம் இருந்தும் பயனில்லை. எனவே இத்திட்டம் இயங்கும் முறையை விளங்கிக்கொள்வது அவசியமாகிறது.

கட்டாயம் ஏன்?

காப்பீடு என்பது பலர் சிறிது சிறிதாகச் செலுத்தும் பணத்தைக்கொண்டு, அவர்களுள் துன்பத்திற்கு ஆளாகும் சிலருடைய சுமையை ஏற்பதாகும். அது விருப்பத்தின்பேரில் மட்டும் நடக்குமாயின் ஓர் இடர்ப்பாடு எழுகிறது. இளைஞரும் நல்ல உடல்நலம் உடையவரும் 'நமக்கு என்ன நேரப்போகிறது' என்று ஒதுங்கிவிடுவர். நோயுற்றவரும் முதியவரும் முந்திக்கொண்டு சேருவர். அப்போது நிதியிலிருந்து செல்லும் தொகை வரவை விஞ்சும். அதை ஈடுகட்டச் சந்தாவை உயர்த்தினால், எஞ்சியிருக்கும் நலமுள்ளவர்களும் விலகுவர். சந்தா மேலும் உயரும். இறுதியில், காப்பீடு யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்கே எட்டாத விலைக்குப் போய்விடும்.

சட்டத்தின்மூலம் அனைவரையும் சேர்க்கும்போது இந்த இடர்ப்பாடு நீங்குகிறது. இளையவரும் முதியவரும், வலியவரும் மெலியவரும் ஒரே நிதியில் கூடுவதால் ஒவ்வொருவர் சந்தாவும் குறைவாகவே இருக்க முடிகிறது. இன்று நலமாயிருப்பவர் பிறருக்காகச் செலுத்துவதுபோலத் தோன்றினும், நாளை அவர் நோயுறும்போது பிறர் அவருக்காகச் செலுத்துகின்றனர்.

தனியார் காப்பீட்டில் இடர் மிகுந்தவரிடம் மிகுந்த சந்தா பெறப்படுகிறது. சமூகக் காப்பீட்டில் அவ்வாறன்று. சந்தா ஊதியத்தின் அளவைப் பொறுத்தது. மருத்துவ உதவி தேவையின் அளவைப் பொறுத்தது. குறைந்த ஊதியம் பெறுபவர் குறைவாகச் செலுத்துகிறார். ஆனால் அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால், கூடுதலாகச் செலுத்துபவருக்குக் கிடைக்கும் அதே சிகிச்சை அவருக்கும் உரியது. கட்டாயக் காப்பீட்டின் அறநெறி இதுவே ஆகும்.

வரலாற்றுப் பின்னணி

இம்முறை முதலில் ஜெர்மனியில் உருப்பெற்றது. பிஸ்மார்க் தலைமை அமைச்சராக இருந்தபோது 1883-ஆம் ஆண்டில் தொழிலாளர்க்கான நோய்க் காப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி சந்தாவில் மூன்றில் இரண்டு பங்கைத் தொழிலாளர்களும் ஒரு பங்கை முதலாளிகளும் செலுத்தினர். பிரிட்டனில் 1911-ஆம் ஆண்டு தேசியக் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறியது; அங்குத் தொழிலாளி, முதலாளி, அரசு ஆகிய முத்தரப்பும் பங்கேற்றன.

இந்தியாவில் 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்ட ஈட்டுச் சட்டம், பணியின்போது விபத்துக்குள்ளானவர்க்கு முதலாளியே ஈடு தரவேண்டும் என்று விதித்தது. ஆனால் பொறுப்பு முழுவதும் தனியொரு முதலாளியின் தலைமீது விழுந்ததால், அவர் மறுத்தாலோ நொடித்துப்போனாலோ தொழிலாளி வழக்காடவேண்டிய நிலை இருந்தது. மேலும் அச்சட்டம் விபத்துக்கும் தொழில்சார் நோய்களுக்குமே ஈடு தந்தது. சாதாரண நோய்க்கு எவ்விதப் பாதுகாப்பும் இல்லை.

இக்குறையைப் போக்க, தொழிலாளர்க்கான உடல்நலக் காப்பீட்டுத் திட்டம் ஒன்றை வகுக்குமாறு 1943-இல் பேராசிரியர் பி.பி. அதார்க்கர் பணிக்கப்பட்டார். அவர் 1944-இல் தம் அறிக்கையை அளித்தார். துணி ஆலை, பொறியியல், கனிமம் மற்றும் உலோகம் ஆகிய மூன்று தொழிற்பிரிவுகளுக்குக் கட்டாயமான, சந்தா அடிப்படையிலான திட்டத்தை அவர் பரிந்துரைத்தார். பன்னாட்டுத் தொழிலாளர் நிறுவனத்தின் வல்லுநர்களான ஸ்டாக், ராவ் ஆகிய இருவர் அதை ஆராய்ந்து, மகப்பேற்று உதவியையும் விபத்து ஈட்டையும் அதே திட்டத்துள் இணைக்கவேண்டும் என்றும், ஆண்டு முழுவதும் இயங்கும் தொழிற்சாலைகள் அனைத்திற்கும் அதை விரிவாக்கவேண்டும் என்றும் கருத்துரைத்தனர். இவற்றின் விளைவாக 1948-ஆம் ஆண்டில் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம் நிறைவேறியது.

சட்டம் நிறைவேறியபின் திட்டம் தொடங்குவதற்கு நான்கு ஆண்டுகள் சென்றன. இடையில் ஒரு நியாயமான தயக்கம் எழுந்தது. மருத்துவ ஏற்பாடுகள் ஆயத்தமாகும் ஊர்களில் மட்டுமே திட்டத்தைத் தொடங்க முடியும். அவ்வாறாயின் அவ்வூர்களின் முதலாளிகள் மட்டும் சந்தா செலுத்த, பிற ஊர்களில் உள்ள போட்டியாளர்கள் அச்சுமையின்றித் தப்புவர். 1951-ஆம் ஆண்டுத் திருத்தம் இதற்குத் தீர்வு கண்டது. நாடெங்கும் உள்ள, சட்டத்திற்குட்பட்ட முதலாளிகள் அனைவரும் ஒரு சிறப்புச் சந்தாவைச் செலுத்தவேண்டும் என்றும், திட்டம் நடைமுறைக்கு வந்த ஊர்களில் அதன் வீதம் சற்றுக் கூடுதலாக இருக்கும் என்றும் வகுக்கப்பட்டது. இதன்பின் 1952 பிப்ரவரி 24-ஆம் நாள் கான்பூரில் பிரதமர் ஜவகர்லால் நேரு திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அதே நாளில் தில்லியிலும் அது நடைமுறைக்கு வந்தது. இவ்விரு நகரங்களிலும் சேர்ந்து சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் தொழிலாளர்கள் முதலில் காப்பீடு பெற்றனர். தமிழகத்தில் 1955-இல் கோயம்புத்தூரில் திட்டம் தொடங்கியது.

யாருக்குப் பொருந்தும்?

பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும், பருவகாலம் சாராத தொழிற்சாலைகள் திட்டத்திற்குள் வருகின்றன. கடைகள், உணவு விடுதிகள், திரையரங்குகள், சாலைப் போக்குவரத்து நிறுவனங்கள், தனியார் கல்வி மற்றும் மருத்துவ நிலையங்கள் ஆகியவற்றுக்கும் திட்டம் படிப்படியாக விரிவாக்கப்பட்டது.

தொழிலாளியின் ஊதியத்திற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. தொடக்கத்தில் மாதம் 400 ரூபாயாக இருந்த அவ்வரம்பு, விலைவாசியும் ஊதியமும் ஏறஏறப் பன்முறை உயர்த்தப்பட்டது. 2010-இல் 15,000 ரூபாயாகவும், 2017 ஜனவரி முதல் 21,000 ரூபாயாகவும் அது நிர்ணயிக்கப்பட்டது. மாற்றுத்திறனாளிகளுக்கு இவ்வரம்பு 25,000 ரூபாய். சந்தாக் காலத்தின் இடையில் ஒருவருடைய ஊதியம் வரம்பைத் தாண்டினால் அவர் உடனே நீக்கப்படுவதில்லை. அந்தச் சந்தாக் காலம் முடியும்வரை திட்டத்திலேயே இருக்கிறார்.

நிரந்தரத் தொழிலாளி, தற்காலிகத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி என்ற வேறுபாடு இங்கு இல்லை. ஒப்பந்தக்காரர் மூலம் அமர்த்தப்பட்டவர்க்கும் முதன்மை முதலாளியே முதற்கண் சந்தா செலுத்தும் பொறுப்புடையவர். பின்னர் அவர் அதை ஒப்பந்தக்காரரிடமிருந்து பெற்றுக்கொள்ளலாம்.

சந்தாக் கணக்கு

2019 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த வீதப்படி, முதலாளியின் பங்கு ஊதியத்தில் 3.25 சதவீதம், தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம், ஆக மொத்தம் 4 சதவீதம். அதற்கு முன் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இவை முறையே 4.75, 1.75 சதவீதமாக இருந்தன. நாளொன்றுக்குச் சராசரியாக 176 ரூபாய் வரை ஊதியம் பெறுவோர் தம் பங்கைச் செலுத்த வேண்டியதில்லை. ஆனால் அவர்களுக்காக முதலாளி தம் பங்கைச் செலுத்தியாகவேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். மாதம் 16,000 ரூபாய் ஊதியம் பெறும் ஒரு தையற்கூடத் தொழிலாளியின் ஊதியத்தில் 120 ரூபாய் பிடிக்கப்படுகிறது. முதலாளி தம் பங்காக 520 ரூபாய் சேர்க்கிறார். ஆகவே அவர் பெயரில் மாதந்தோறும் 640 ரூபாய் நிதிக்குச் செல்கிறது. ஓராண்டில் தொழிலாளி செலுத்துவது 1,440 ரூபாய். இருவர் பங்கும் சேர்ந்து 7,680 ரூபாய். அதே கூடத்தில் 8,000 ரூபாய் ஊதியம் பெறும் உதவியாளரின் பங்கு மாதம் 60 ரூபாய் மட்டுமே. எனினும் மருத்துவமனை வாயிலில் இருவரும் ஒரே உரிமையுடையவர்கள்.

ஒவ்வொரு மாதச் சந்தாவையும் அடுத்த மாதம் 15-ஆம் நாளுக்குள் முதலாளி செலுத்தவேண்டும். தம் பங்கைத் தொழிலாளியின் ஊதியத்திலிருந்து பிடிப்பதற்கு அவருக்கு உரிமை இல்லை. சந்தாவைக் காரணங்காட்டி ஊதியத்தைக் குறைக்கக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டம் வெளிப்படையாகவே விதித்திருந்தது.

சந்தாக் காலமும் பயன் காலமும்

இத்திட்டத்தில் பலருக்கும் குழப்பம் தருவது காலக் கணக்கேயாகும். ஆண்டு இரு சந்தாக் காலங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை ஒன்று; அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை மற்றொன்று. முதற்காலத்தில் செலுத்திய சந்தாவுக்குரிய பணப்பயன், அடுத்த ஜனவரி 1 முதல் ஜூன் 30 வரை கிடைக்கிறது. இரண்டாம் காலத்துச் சந்தாவுக்குரிய பயன் ஜூலை 1 முதல் டிசம்பர் 31 வரை கிடைக்கிறது. புதிதாகப் பணியில் சேர்ந்தவர்க்கு முதற் பயன் காலம், சேர்ந்த நாளிலிருந்து ஒன்பது மாதம் கழித்துத் தொடங்குகிறது.

சந்தாக் காலத்திற்கும் பயன் காலத்திற்கும் இடையில் மூன்று மாத இடைவெளி உள்ளது. முற்காலத்தில் சந்தா வில்லைகளை அட்டைகளில் ஒட்டி அலுவலகத்திற்கு அனுப்பிவந்தனர். அவற்றைத் திரட்டிக் கணக்கிடுவதற்கு இவ்விடைவெளி தேவைப்பட்டது. இன்று கணக்குகள் கணிப்பொறியில் பதிவாகின்றன. எனினும் இடைவெளி தொடர்கிறது.

இவ்வளவு காத்திருப்பும் நோய்க்காலப் பணப்பயன் போன்றவற்றுக்கே என்பதை மறத்தலாகாது. மருத்துவ உதவி பணியில் சேர்ந்து காப்பீடு பெற்ற முதல் நாளிலிருந்தே உண்டு. பணியின்போது நேரும் விபத்துக்குரிய உதவிக்கும் சந்தா நாட்களின் எண்ணிக்கை நிபந்தனை அன்று.

கிடைக்கும் பயன்கள்

முதலாவது, மருத்துவ உதவி. காப்பீடு பெற்றவர்க்கும் குடும்பத்தினர்க்கும் மருந்தகத்தில் சிகிச்சை, வல்லுநர் ஆலோசனை, மருத்துவமனைச் சேர்க்கை ஆகியவை கட்டணமின்றிக் கிடைக்கின்றன. செலவுக்கு உச்சவரம்பு இல்லை. உயர் சிறப்புச் சிகிச்சைகளுக்கு மட்டும் தனி நிபந்தனைகள் உள்ளன. தொடக்க ஆண்டுகளில் தொழிலாளிக்கு மட்டுமே இருந்த இவ்வுரிமை, பின்னரே குடும்பத்திற்கும் விரிந்தது. குறைந்தது ஐந்தாண்டு காப்பீட்டுடன் பணியாற்றி வயது முதிர்ந்து ஓய்வுபெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் செலுத்தித் தமக்கும் தம் துணைவருக்கும் மருத்துவ உதவியைத் தொடரலாம்.

இரண்டாவது, நோய்க்காலப் பணப்பயன். உரிய சந்தாக் காலத்தில் குறைந்தது 78 நாட்களுக்குச் சந்தா செலுத்தப்பட்டிருந்தால், மருத்துவர் சான்றின்பேரில் சராசரி நாள் ஊதியத்தில் 70 சதவீதம், ஆண்டில் 91 நாட்கள் வரை கிடைக்கும். பொதுவாக முதல் இரண்டு நாட்களுக்குப் பணம் இல்லை. மேற்கூறிய 16,000 ரூபாய் ஊதியம் பெறுபவர்க்கு, மாதத்தை 30 நாளாகக் கொண்டால், நாள் ஊதியம் ஏறத்தாழ 533 ரூபாய். அவர் ஒரு மாதம் நோயுற்றால், 28 நாட்களுக்கு நாளொன்றுக்கு 373 ரூபாய் வீதம் சுமார் 10,450 ரூபாய் பெறுவார். அவர் ஏழு ஆண்டுகளில் தம் பங்காகச் செலுத்துவதைவிட இது அதிகம். 91 நாட்களுக்கும் பெற நேர்ந்தால் தொகை ஏறத்தாழ 34,000 ரூபாயாகும்.

காசநோய், புற்றுநோய், மனநோய் போன்ற, பட்டியலில் அடங்கிய நெடுநாள் நோய்கள் 34-க்கு, நீடித்த நோய்க்காலப் பயனாக ஊதியத்தில் 80 சதவீதம் இரண்டாண்டு வரை வழங்கப்படுகிறது. இதற்கு நீண்ட காலப் பணியும் சந்தாவும் நிபந்தனையாகும். குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சைக்கு, ஆண்களுக்கு 7 நாட்களும் பெண்களுக்கு 14 நாட்களும் முழு ஊதியம் உண்டு.

மூன்றாவது, மகப்பேற்று உதவி. முந்தைய இரு சந்தாக் காலங்களில் குறைந்தது 70 நாட்களுக்குச் சந்தா செலுத்தியிருந்தால், 26 வாரங்களுக்கு முழு ஊதியத்திற்கு இணையான தொகை வழங்கப்படுகிறது. முன்பு 12 வாரமாக இருந்த இது 2017-இல் உயர்த்தப்பட்டது. மகப்பேற்றுச் செலவைத் தனி முதலாளி ஏற்பதாயின் பெண்களைப் பணியில் அமர்த்தவே அவர் தயங்கக்கூடும். பொது நிதி அதை ஏற்கும்போது அத்தயக்கத்திற்கு இடமில்லை.

நான்காவது, ஊன உதவி. பணியால் ஏற்பட்ட காயத்திற்கு, குணமடையும் வரை நாள் ஊதியத்தில் 90 சதவீதம் தரப்படுகிறது. நிலையான ஊனமாயின், உழைக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பை மருத்துவக் குழு மதிப்பிடுகிறது. அதற்கேற்ற வீதத்தில் வாழ்நாள் முழுவதும் மாதந்தோறும் தொகை கிடைக்கும். வீட்டிலிருந்து பணியிடத்திற்குச் செல்லும்போதும் திரும்பும்போதும் நேரும் விபத்துகளும், பணியோடு தொடர்புடையனவாயின், 2010-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இதில் அடங்கின.

ஐந்தாவது, சார்ந்தோர் உதவி. பணியால் தொழிலாளி உயிரிழந்தால், ஊதியத்தில் 90 சதவீதத்தை முழு வீதமாகக் கொண்டு, மனைவிக்கு ஐந்தில் மூன்று பங்கும் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஐந்தில் இரண்டு பங்கும் கணக்கிடப்படுகின்றன. கூட்டுத்தொகை முழு வீதத்தைத் தாண்டினால் எல்லாப் பங்குகளும் அதற்கேற்பக் குறைக்கப்படுகின்றன. இவையன்றி ஈமச் சடங்குச் செலவுக்கும் உதவித்தொகை உண்டு.

நிருவாக அமைப்பு

திட்டத்தை நடத்துவது தொழிலாளர் அரசு ஈட்டுறுதிக் கழகம். மத்தியத் தொழிலாளர் அமைச்சர் இதன் தலைவர். மத்திய, மாநில அரசுகள், முதலாளிகள், தொழிலாளர்கள், மருத்துவத் துறையினர், நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஆகியோரின் பிரதிநிதிகள் உறுப்பினர்களாவர். பணப்பயன்களைக் கழகமே தன் கிளை அலுவலகங்கள் மூலம் வழங்குகிறது. மருத்துவ உதவியைப் பெரும்பாலும் மாநில அரசுகள் நடத்துகின்றன. அதற்கான செலவில், வகுக்கப்பட்ட உச்சவரம்புக்குள், எட்டில் ஏழு பங்கைக் கழகமும் ஒரு பங்கை மாநில அரசும் ஏற்கின்றன. மாநிலந்தோறும் முன்மாதிரி மருத்துவமனைகளைக் கழகமே நேரடியாக நடத்தவும் முற்பட்டுள்ளது. மகாராஷ்டிரம், மேற்கு வங்கம் போன்ற மாநிலங்களில் தனியார் மருத்துவர்களைப் பட்டியலில் சேர்த்து, தலைக்கு இவ்வளவு என்று தொகை தந்து முதல்நிலைச் சிகிச்சை அளிக்கும் முறையும் வளர்ந்தது.

பணப்பயன் ஒரு கையிலும் மருத்துவம் மறு கையிலும் இருப்பதில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. மாநில அரசின் மருத்துவ அனுபவம் பயன்படுகிறது என்பது நன்மை. மருத்துவர் பணியிடம் காலியாயிருந்தாலும் மருந்து வந்து சேராவிட்டாலும் பொறுப்பு யாருடையது என்பது தெளிவற்றுப்போகிறது என்பது தீமை. சந்தா செலுத்திய தொழிலாளிக்கு இந்தப் பிரிவினை பொருட்டன்று. அவருக்கு மருந்துச்சீட்டில் எழுதிய மருந்து வேண்டும்.

செலுத்தப்படாத சந்தா

கட்டாயக் காப்பீட்டின் வெற்றி, சட்டம் கட்டாயப்படுத்துவதை நடைமுறையில் எவ்வளவு தூரம் நிறைவேற்ற முடிகிறது என்பதைப் பொறுத்தது. இங்குதான் சாதாரணத் தொழிலாளியின் நலன் ஊசலாடுகிறது.

பத்துப் பேருக்குக் குறைவாகக் கணக்குக் காட்டுவது, ஒரே கூடத்தை இரு பெயர்களில் நடத்துவது, ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பதிவேட்டிலேயே சேர்க்காமல் விடுவது, ஊதியத்தில் பிடித்துவிட்டுக் கழகத்திற்குச் செலுத்தாமல் இருப்பது ஆகியவை இத்திட்டத்தில் நேரக்கூடிய மீறல்களாகும். இவற்றுள் கடைசியாகக் கூறியது மிகக் கொடியது. தொழிலாளியிடமிருந்து பிடித்த பணம் முதலாளியின் பணமன்று, அவரிடம் நம்பி ஒப்படைக்கப்பட்ட பணம். அவ்வாறு பிடித்துச் செலுத்தாமல் இருப்பவர்க்கு ஓராண்டுக்குக் குறையாத, மூன்றாண்டு வரையிலான சிறைத் தண்டனையும் அபராதமும் சட்டத்தில் உள்ளன.

முதலாளியின் தவற்றுக்குத் தொழிலாளி பலியாகக் கூடாது என்பதையும் சட்டம் கருத்திற்கொண்டுள்ளது. முதலாளி சந்தா செலுத்தத் தவறியதால் தொழிலாளி பயனை இழக்க நேர்ந்தால், கழகம் அப்பயனை வழங்கிவிட்டு முதலாளியிடமிருந்து வசூலிக்கலாம். ஆனால் இதற்குத் தாம் அங்குப் பணிபுரிந்ததைத் தொழிலாளி மெய்ப்பிக்க இயலவேண்டும். ஊதியச் சீட்டு, அடையாள அட்டை, வருகைப் பதிவு போன்ற சிறு சான்றுகளின் அருமை அப்போதுதான் தெரியும். வேலை மாறினாலும் காப்பீட்டு எண் மாறுவதில்லை. பழைய எண்ணைப் புதிய முதலாளியிடம் கூறாமல் புதிய எண் பெறுபவர், முந்தைய சந்தாவின் தொடர்ச்சியை இழக்க நேரிடும்.

புதிய சட்டமும் எஞ்சியுள்ள பணியும்

2020-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 1948-ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளிட்ட ஒன்பது சட்டங்களை ஒருங்கிணைத்தது. அது 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. இதன்படி, அபாயமான தொழில் நடைபெறும் இடத்தில் ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும் அரசு அறிவிப்பின்மூலம் காப்பீட்டைப் பொருந்தச் செய்யலாம். பத்துப் பேருக்குக் குறைவான நிறுவனங்களும் முதலாளியும் பெரும்பான்மைத் தொழிலாளர்களும் உடன்பட்டால் சேரலாம். தோட்டத் தொழிலுக்கும் விருப்பத்தின்பேரில் வழி திறக்கப்பட்டுள்ளது. அமைப்புசாராத் தொழிலாளர்க்கும், செயலிகள்வழிப் பணிபெற்று உழைப்போர்க்கும் தனித் திட்டங்கள் வகுக்க இடமளிக்கப்பட்டுள்ளது.

இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும் முன்னர்க் கூறியபடி, விருப்பத்தின்பேரில் அமையும் காப்பீட்டில் தேவை மிகுந்தோரே முந்தி வருவர் என்பதை மறத்தலாகாது. நம் நாட்டு உழைப்பாளர்களில் மிகப் பெரும்பான்மையோர்க்குக் குறிப்பிட்ட ஒரு முதலாளி இல்லை. கட்டடத் தொழிலாளியும், சுமை தூக்குபவரும், வீட்டு வேலை செய்பவரும் இன்று ஓரிடத்திலும் நாளை வேறிடத்திலும் உழைக்கின்றனர். ஊதியச் சீட்டில்லாத இடத்தில் சந்தாவை யார் பிடிப்பது, முதலாளியின் பங்கை யார் தருவது என்ற கேள்விகள் எழுகின்றன. இவர்களுள் வறியவர்க்காக 2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம், சந்தாவின்றி, அரசு வரிப்பணத்தில் குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கு வகை செய்கிறது. ஆனால் அது மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே முதன்மையாக உரியது. நோயால் இழந்த ஊதியத்திற்கு அதில் ஈடு இல்லை. இழந்த ஊதியத்திற்கும் ஈடு தருவதே இ.எஸ்.ஐ. திட்டத்தின் தனிச்சிறப்பு.

ஊதிய உச்சவரம்பும் காலத்திற்கேற்ப மாறவேண்டிய ஒன்று. வரம்பு நிலைத்து நிற்க ஊதியம் ஏறிக்கொண்டே சென்றால், ஊதிய உயர்வு பெற்ற தொழிலாளி அவ்வுயர்வினாலேயே பாதுகாப்பை இழக்கிறார். சில நூறு ரூபாய் கூடுதலாகப் பெற்றதற்காகக் குடும்பத்தின் மருத்துவ உரிமையை இழப்பது எவருக்கும் உயர்வாகாது. வரம்பைத் தாண்டியவர்க்கு மாற்று ஏற்பாடு என்ன என்பதையும் திட்டமிடுவோர் எண்ணிப்பார்க்க வேண்டும்.

சந்தா செலுத்துபவர் இரவலர் அல்லர், உரிமையாளர். மருந்தகத்தில் வரிசையில் நிற்கும் தொழிலாளி தம் உழைப்பிலிருந்தும், தம் உழைப்பினால் முதலாளி ஈட்டிய வருவாயிலிருந்தும் முன்கூட்டியே விலை கொடுத்துவிட்டவர். அவரை அவ்வாறே நடத்துவது அலுவலர்களின் கடமை. தம் எண்ணையும், சந்தா நாட்களையும், பயன் காலத்தையும் அறிந்து வைத்திருப்பது தொழிலாளியின் கடமை. பிடித்த பணத்தை உரிய நாளில் செலுத்துவது முதலாளியின் கடமை. இம்மூன்று கடமைகளும் நிறைவேறும் இடங்களில் நோய் ஒரு குடும்பத்தின் வீழ்ச்சியாக முடிவதில்லை. அத்தகைய இடங்களைப் பெருக்குவதே இனி ஆற்றவேண்டிய பணியாகும்.